வாதாடி வென்ற முன் இருக்கை

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை. கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூருக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் எங்கள் கம்பெனிப் பேருந்தில், காலை ஏழு மணிக்கு நான் ஒரு சொற்போரில் வென்றேன். இதுவரை நான் பெற்ற வெற்றிகளில் நினைத்து வெட்கப்படுவது அந்த ஒன்றைத்தான்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. ஒசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் கல்லூரியில் நான் பெயர் பெற்ற பேச்சாளன். பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளுக்கு வீட்டு அலமாரியில் இடம் போதாமல், சில, அரிசிப் பானையின் மூடி மேல் உட்கார்ந்திருந்தன. பட்டிமன்றத்தில் எந்த அணியில் போட்டாலும் பேசுவேன். எதிராளியின் வாதத்தை அவர் சொல்லாலேயே முறிப்பது எப்படி, மூச்சை எங்கே நிறுத்துவது, கைதட்டலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எல்லாவற்றையும் முறையாகப் பயின்றிருந்தேன்.

ஒன்றை மட்டும் எவரிடமும் வாய் திறந்து சொல்லத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக என் குடல் என் சொல்லைக் கேட்பதில்லை. சாப்பிட்ட கால் மணி நேரத்தில் அடிவயிற்றைப் பிசையும்; அடுத்த சில நிமிடங்களில் கழிவறை கண்ணில் பட்டாக வேண்டும். சில வாரம் ஓய்ந்திருக்கும், மறுபடி வரும். சில நாள் இரத்தமும் போகும். பெங்களூரில் ஒரு மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண் என்றும், இது நெடுநாள் கூடவே வரும் நோய் என்றும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். வீட்டில் நான் சூட்டால் வரும் வயிற்றுக்கோளாறு என்று மட்டும் சொல்லி வைத்தேன். மேடை ஏறும் நாளில் முந்தைய இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். விழாக்குழுவினர் என்னைக் காட்டி, "தமிழுக்காக விரதம் இருக்கிற பிள்ளை" என்பார்கள். நானும் தலை குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்வேன்.

இனிப் பேருந்துக்கு வருகிறேன். அதில் ஓட்டுநருக்குப் பின்னால் ஓர் ஒற்றை இருக்கை, படிக்கட்டை ஒட்டி மற்றோர் ஒற்றை இருக்கை. இவ்விரண்டில் வேறு எவரும் உட்காருவதில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் எப்போதும் பச்சை ஸ்வெட்டர் அணிந்த ஓர் அக்கா இருப்பார். எங்கள் கம்பெனியில் பொருத்துப் பிரிவில் வேலை, முப்பது வயது இருக்கும். படியோரம் இருப்பவர் பர்கூரிலிருந்து வந்து பேருந்து மாறி ஏறும் ஃபிட்டர். புதிதாக வந்தவர்கள் தெரியாமல் அமர்ந்தால், "அங்க உட்காராதப்பா, அது அவங்க எடம்" என்று யாராவது எழுப்பிவிடுவார்கள். ஏன் என்று எவருக்கும் தெரியாது. ஓட்டுநரின் சொந்தக்காரர்கள் என்று பின் இருக்கைகளில் ஒரு பேச்சு இருந்தது.

எனக்கு அந்த இருக்கை தேவைப்பட்டது. கடைசி வரிசையில், ஐம்பது பேருக்குப் பின்னால், வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு சூளகிரியைக் கடப்பது ஒவ்வொரு காலையும் ஒரு தண்டனையாக இருந்தது. எனக்கு வயிறு சரியில்லை, முன்னால் ஓர் இடம் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு சமத்துவச் சொற்பொழிவைத் தயார் செய்தேன்.

"தோழர்களே! நாம் அனைவரும் ஒரே நேரத்தில் அட்டை அடிக்கிறோம். ஒரே கூரையின் கீழ் வேகிறோம். அப்படியிருக்க, இந்த இரண்டு இருக்கைகளுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது யார்?"

"அப்படிக் கேளு மச்சான்!" என்றது பின் வரிசை. "பட்டா எங்க, எடுத்துக் காட்டச் சொல்லு!"

கன்னடம் பேசும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னை முறைத்தார். "சும்னிரப்பா, சும்னிரு. வண்டி எடுக்கணும்."

ஃபிட்டர் எழுந்தார். "தம்பி, என் சீட்டுல உட்காந்துக்க. அந்த அக்கா மட்டும் அங்கியே இருக்கட்டும், வுடுப்பா."

அவர் சமாதானம் பேசியதை நான் எதிர்வாதமாக எடுத்துக்கொண்டேன். "சலுகை வேண்டுமென்றால் காரணம் சொல்லுங்கள் அண்ணா. காரணம் இருந்தால் இந்தக் கணமே பின்வாங்குகிறேன்" என்றேன். சொல்லிவிட்டு, பயின்ற முறைப்படி, காத்திருந்தேன்.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா வாய் திறக்க முயன்று மூடிக்கொண்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நடுவழியில் நடந்து பின்னால் போனார். ஃபிட்டரும் அவர் பின்னே போனார். பேருந்து கைதட்டியது. ஓட்டுநருக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். படியோர இருக்கையில் எனக்குக் கைதட்டியவர்களில் ஒருவர் உட்கார்ந்தார்.

குருபரப்பள்ளியில் இன்னும் பலர் ஏறி நடுவழி நிறைந்துவிட்டது. அதைத் தாண்டியதும் ஒரு கிரானைட் லாரிக்குப் பின்னால் எங்கள் வண்டி ஊர்ந்தது. என் தலைக்கு மேலே இருந்த பெரிய கண்ணாடியில் எதேச்சையாகப் பார்த்தேன். நின்றிருந்தவர்களின் தோள்களுக்கு நடுவில் அக்காவின் முகம் தெரிந்தது. ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிரான காலையில் அவர் நெற்றியில் வியர்வை. உதடுகளை இறுக்கி, முன் இருக்கையின் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தார். கண்கள் எதையும் பார்க்கவில்லை.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பல காலைகளில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சூளகிரிக்கு முன்பாக ஒரு பெட்ரோல் பங்க் வரும். சில நாட்களில் ஓட்டுநர் அங்கே வண்டியை நிறுத்துவார். டயரைப் பார்க்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அந்த நாட்களில் எல்லாம் அக்கா கையை நீட்டி அவர் தோளைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அந்த இருக்கையின் அருமை அதுதான். இப்போது கடைசி வரிசையிலிருந்து, இத்தனை ஆண்கள் காதிலும் விழும்படி அவர் கத்திச் சொல்ல வேண்டும். பங்க்கைத் தாண்டிவிட்டால் ஒசூர் வரை வேறு வழி இல்லை.

பின்னால் ஃபிட்டரின் குரல் கேட்டது. "கொஞ்சம் வழி வுடுங்கப்பா, முன்னால போவணும்."

"பாருடா, மறுபடி சீட்டு புடிக்க வர்றாரு!" என்றான் ஒருவன். "பட்டா முடிஞ்சு போச்சுண்ணா, அங்கியே நில்லுங்க!"

என்னுடைய சொல். என்னுடைய சொல்லைக் கொண்டே அவர்களை மறித்துக்கொண்டிருந்தார்கள்.

தூரத்தில் பங்க்கின் பெயர்ப்பலகை தெரிந்தது. அக்காவுக்காக என்று சொன்னால் அவர் இத்தனை நாள் காத்த மானம் போய்விடும். சொல்லாவிட்டால் அதைவிட மோசமாகப் போகும். நான் எழுந்தேன். ஓட்டுநரின் தோளைப் பிடித்தேன்.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க. எனக்கு வயித்தால போவுது. அடக்க முடியல."

இதைத் தனியாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மேடைக்குப் பழகிய தொண்டை. கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டுவிட்டது. பேருந்தே வெடித்துச் சிரித்தது.

"பட்டிமன்றத்துக்கு இடைவேளை விட்டாச்சு!"

"கைதட்டுங்கடா, பேச்சாளர் ஓடறாரு!"

ஓட்டுநர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வண்டி பங்க்குக்குள் திரும்பியது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஆணியில் தொங்கிய, மரத்துண்டு கட்டிய பங்க் கழிவறைச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "சாவி இல்லாம எங்க ஓடற?" என்றவர், திரும்பி உரக்கக் குரல் கொடுத்தார். "அந்த அக்காவ முன்னால அனுப்புங்கப்பா! மாத்திரை அவங்ககிட்டதான் இருக்குது. பையன் மயங்கி கியங்கி விழுந்துடப் போறான்!"

ஃபிட்டரை மறித்த கூட்டம் உடனே விலகி அக்காவுக்கு வழி விட்டது.

ஆயில் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் அறை. சாவியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேருந்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் கதவு தெரியாதபடி குறுக்கே நின்று, வயிற்றைப் பிடித்துக் குனிந்து நடித்தேன். நடிப்பு சில நிமிடங்களில் உண்மையாகிவிட்டது.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர், "வா, போலாம்" என்றார். என்னால் நகர முடியவில்லை. என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"அட சாமி, உனக்கும்தானா?"

தலையசைத்தேன். சாவியை நீட்டினார். "போ, போ. பக்கெட்டுல தண்ணி ரொப்பி வெச்சிருக்கறேன்."

திரும்பி நடக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "அவ்ளோ நேரம் பேசினியே தம்பி, இந்த ஒண்ண மட்டும் சொல்லியிருந்தா நானே எழுந்து எடம் குடுத்திருப்பேன். உன்ன எதுக்குச் சொல்றது? நீ காரணம் கேட்டப்ப எனக்கும்தான் வாய் வரல. கல்யாணத்துக்கு முன்ன இருந்தே இருக்குது. எங்க வூட்டுக்காரரு, டிரைவரு, இதே வியாதி இருக்கற அந்த ஃபிட்டரு, இவங்கள தவுத்து யாருக்கும் தெரியாது."

மறுநாள் காலை பேருந்து என்னைப் பார்த்ததுமே சிரிக்கத் தொடங்கியது. படியில் நின்றபடி சொன்னேன்: "நேத்து நான் பேசினது தப்பு. அந்த ரெண்டு சீட்டும் அவங்களோடது." ஏன் என்று ஒருவர் கேட்டார். "காரணம் கேட்டதுதாங்க தப்பு" என்றேன். அதற்குக் கைதட்டல் எதுவும் வரவில்லை. தன் பக்கத்திலிருந்த இன்ஜின் பெட்டியின் மேல் ஒரு சாக்கை விரித்து, என்னை உட்காரச் சொன்னார் ஓட்டுநர்.

"சங்கத்துல சேந்துட்ட" என்றார் ஃபிட்டர். "சந்தா கெடையாது. ஓட்டம் மட்டும்தான்."

அந்த இன்ஜின் பெட்டியின் மேல்தான் நான் என் நோயைப் பற்றி வாய் விட்டுப் பேசப் பழகினேன். ஃபிட்டர் தன் தண்ணீர்ப் பாட்டிலை அதன் மேல் வைப்பார். சூளகிரி வருவதற்குள் அது இதமான வெந்நீராகிவிடும். எந்த உணவு தனக்கு ஆகவில்லை என்பதை அக்கா காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். அதை அப்படியே பின்பற்றப் போனேன். ஒருவர் வயிறு போல் இன்னொருவர் வயிறு இருக்காது, நீயே எழுது என்றார். அவருக்கு ஒத்துக்கொண்ட தயிர் எனக்கு ஆகவே இல்லை. ஃபிட்டர் ஒரு முறை யார் பேச்சையோ கேட்டு மாத்திரையை நிறுத்தி, மருத்துவமனையில் படுத்துவிட்டு வந்தவர். நானும் ஒரு மாதமாக மாத்திரை போடுவதில்லை என்பதை அவரிடம்தான் முதலில் ஒப்புக்கொண்டேன். அடுத்த ஞாயிறன்றே தன் மருத்துவரிடம் கையோடு அழைத்துப் போனார். நோய் போய்விடவில்லை. ஆனால் அதை மறைப்பதற்குப் பட்ட பாடு பாதிக்கு மேல் குறைந்தது.

அந்தத் தைப் பொங்கலுக்கு ராயக்கோட்டையில் பட்டிமன்றம். நடுவரிடம் போய், எனக்கு வயிற்று நோய் உண்டு, படிக்கட்டு ஓரமாக நாற்காலி வேண்டும் என்றேன். மறுப்பார் என எண்ணி நான்கு வாதங்களோடு போயிருந்தேன். "அதுக்கென்னப்பா, போட்டுக்க" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எதிரணிப் பேச்சாளர் பேசும்போது எழுந்து போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது அவர், "என் வாதத்துக்கு அஞ்சி ஓடியவர் வந்துவிட்டார்" என்றார். என் முறை வந்ததும், "ஓடியது உண்மை. ஆனால் என்னை விரட்டும் ஆற்றல் உங்கள் வாதத்துக்கு இல்லை ஐயா, என் குடலுக்குத்தான் உண்டு" என்றேன். கூட்டம் சிரித்தது, முன் வரிசையில் அக்காவும் ஃபிட்டரும் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்கள். விழா முடிந்ததும் தக்காளி மண்டிக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "எனக்கும் இருக்குதுங்க, அஞ்சு வருசமா" என்றார். அன்று நான் வாங்கிய பரிசு அதுதான்.

மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. போன மாதம் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஸ்டோர்ஸ் அலுவலர், என்னைவிட இருபது வயது மூத்தவர், படியருகே கம்பியைப் பிடித்து நின்றிருந்தார். நெற்றியில் அதே வியர்வை. நான் இன்ஜின் பெட்டி மேலிருந்த பாட்டிலை எடுத்துவிட்டு, அவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டேன். "தம்பி, எனக்கு எதுக்குன்னா..." என்று தயங்கித் தொடங்கினார். "காரணம் வேணாங்க சார், உட்காருங்க" என்றேன். ஓட்டுநர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தயாராக மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோப்பைகள் இன்றும் அலமாரியிலும் அரிசிப் பானையின் மேலும்தான் இருக்கின்றன. ஆனால் நான் பேசியவற்றுள் பயன்பட்ட பேச்சு எது என்று யாரேனும் கேட்டால், அடுக்கும் அழகும் இல்லாமல், ஐம்பது பேர் சிரிக்க, அன்று ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்தச் சில சொற்களைத்தான் சொல்வேன்.