கடைசி ரீலில் வந்த படகு

ஈர மணலும் பீடிப் புகையும் கலந்த வாடை இப்போதும் எங்கேயாவது மூக்கில் பட்டால், அரியலூர் டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கத்துத் தரையில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் என்னைத் தூக்கி உட்கார வைத்த என் அத்தையின் கைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அப்பாவின் தங்கை, பெயர் செல்லம்மாள். பெயரில் மட்டும்தான் செல்லம், வீட்டு வேலை அத்தனையும் அவள் தலையில்தான். யுத்தம் முடிந்திருந்த சமயம் அது.

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதனால் ரயிலடிக் குழாயில் "நல்ல தண்ணி" பிடிக்க அத்தை குடத்தோடு போவாள், துணைக்கு நான். அங்கே சரக்கு ஆபீஸில் ஒரு கிளார்க் இருந்தார். அவரும் அத்தையும் பேசிக்கொண்டதைவிடப் பேசாமல் நின்றதுதான் அதிகம். குடம் பாட்டுக்கு நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். பிறகு அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார். "வந்துடுறேன் செல்லம்" என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. "வூட்ல மூச்சு வுடக் கூடாதுடி" என்றாள் அத்தை. நான் விடவில்லை.

போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உடையார்பாளையத்திலிருந்து ஒருவர் பெண் பார்க்க வந்தார். நல்ல மனுஷன், நிலம் நீச்சு உள்ளவர். அத்தையும் மனசைத் தேற்றிக்கொண்டு சரியென்று சொல்லிவிடும் நிலைக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா அந்தப் படம் வந்து தொலைய வேண்டும்!

தலை நரைத்த மனைவி ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, புருஷனுக்குத் தெரியாத தன் பழைய காதலை நினைத்துப் பார்க்கும் கதை. ஆற்றங்கரையில் ரகசியச் சந்திப்பு, பாட்டு, பிறகு அவன் படகேறிப் போய்விடுகிறான். அவள் மறுபடி நரைத்த தலையோடு ஜன்னலில். அவ்வளவுதான் என்று நான் எழுந்தபோது திரையில் ஒரு படகு வந்தது. அவன் சிரித்துக்கொண்டே கரையில் குதித்தான். அவள் கறுகறுவென்ற கூந்தலோடு நின்றிருந்தாள். நரைத்த தலை எப்படிக் கறுத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கொட்டகையே கை தட்டியது. அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "படகு வந்துருச்சு, பாத்தியாடி?" என்றாள்.

மறுநாள் காலையில், "எனக்கு அந்த எடம் வேணாம்ண்ணே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா கத்தித் தீர்த்தார். "கொட்டகைக்குப் போயிட்டு வந்ததுலேருந்துதான் இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்றாள் அம்மா. தான் சொன்னது எவ்வளவு நிஜம் என்று அம்மாவுக்கே தெரியாது. உடையார்பாளையத்தார் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அதன்பின் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

இரண்டொரு வருஷம் கழித்து, பெரம்பலூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போன இடத்தில் அதே படம். அத்தைதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் இங்கே படகு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அவன் குதித்ததும் அவள் பார்த்ததும்தான் அவர்களுடைய முதல் சந்திப்பு. அப்புறம் பாட்டு, பிரிவு, ஜன்னல். ஜனங்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அத்தை எழவில்லை. "இருடி, இன்னும் படகு வரணும்" என்றாள்.

படகு வரவில்லை. வாசலில் டிக்கெட் கிழிப்பவனிடம் நான்தான் கேட்டேன். "அரியலூர்லயா பாத்தீங்க? அப்ப நான் அங்கதான் டிக்கெட் கிழிச்சேன்" என்று சிரித்தான். "அங்க பொம்பளைங்கல்லாம் அழுதுகிட்டே போறாங்க, கூட்டம் கொறையுதுன்னு, முன்னாடி வர்ற ரீலைத் தூக்கிக் கடைசில ஓட்டிட்டாரு கொட்டகைக்காரரு." அத்தை என் பின்னால்தான் நின்றிருந்தாள். பினாங்குக்காரர் வரவே இல்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் குடோன் நிற்கிறது; அந்த ரயிலடிக் குழாய் இல்லை; கடைசிவரை எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தையும் இல்லை. அவள் தளர்ந்து படுத்திருந்த நாட்களில் ஒருமுறை, ஆற்றாமை தாங்காமல் அந்தக் கொட்டகைக்காரரை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாவி, அவன் ரீலை மாற்றாமல் இருந்திருந்தால் நீ பிள்ளை குட்டியோடு இருந்திருப்பாயே என்றேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். அன்றைக்குப் பிடித்த அதே பிடி.

"அவரை ஏண்டி திட்டுற? அங்கயாவது படகு வந்துச்சுல்ல."