மயில் பார்டர் போட்ட லுங்கி

முனிகிருஷ்ணன் நேற்று பிற்பகல் திருத்தணியில் தன் வீட்டில் காலமானார். மாரடைப்பு. அவருடைய தம்பி போன் செய்து சொன்னார்; நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஸ்டேஷன் ரோட்டில் அவருடைய பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் பழகிய பலர் இதைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

பொதட்டூர்பேட்டை நெசவாளர்களுக்காக நாங்கள் இருவரும் ஓர் இணையப் பக்கம் செய்தோம். டேக்குகளால் பக்கம் எழுதும் மொழியை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். தறிக்காரர் தன் சரக்கையும் விலையையும் அடித்தால், பக்கத்திலுள்ள ஒரு டேக், ஜாவாவில் முனிகிருஷ்ணன் எழுதிய சர்வ்லெட் என்ற சர்வர் நிரலைக் கூப்பிடும். சர்வ்லெட் விலைகளை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் காலை எல்லா ஊர் வியாபாரிகளுக்கும் ஒரே நேரத்தில் காட்டும். ஆந்திராவிலுள்ள நகரி, புத்தூர் வியாபாரிகளுக்குத் தெலுங்கு எழுத்தில் காட்டும். அதற்காக அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பில் பொய் இல்லை.

தறிக்காரர்களுக்கு அவர் விளக்கியது நினைவிருக்கிறது. "ஓட்டல்ல சப்ளையர் ரெண்டு தோசைன்னு குரல் குடுப்பான் இல்ல, அவன்தாங்க டேக்கு. உள்ள தோசை ஊத்தறது சர்வ்லெட்டு. கேக்கறது ஒரு வரி. பதில் சொல்றதுதான் வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். நான்கு தறி வைத்திருந்த என் அக்காவின் கணவர் மட்டும் கேட்டார்: "உள்ள யாரு கரண்டி புடிச்சிகினு இருக்கான்னு சப்ளையருக்குத் தெரியுமா?"

"நான்தான் இருக்கேன், பாவா" என்றார் முனிகிருஷ்ணன். அக்கா கணவரை நான் தெலுங்கு முறையில் பாவா என்று கூப்பிடுவதைப் பார்த்து, அவரும் அப்படியே கூப்பிடுவார்.

என் பேச்சை நம்பிப் பாவா முதல் ஆளாக விலை அடித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அடித்தார்கள்.

சில மாதங்கள் கழித்துப் பாவா என்னைத் தேடி வந்தார். "காலைல நான் அடிச்ச விலைய, சாயங்காலமே எங்க ஊர் சரக்க எடுக்கற மொத்த வியாபாரி என் வாசல்ல நின்னு என்கிட்டயே சொல்றான், மச்சான். சொல்லிட்டு அதுக்குக் கீழ கேக்கறான்."

பக்கத்தை வரிவரியாகப் படித்தேன். டேக் அப்படியே இருந்தது. சர்வ்லெட்டை என்னால் படிக்க முடியாது. சர்வரில் இருந்தது கம்பைல் ஆன, கணினிக்கு மட்டும் புரியும் கோப்பு. முனிகிருஷ்ணனைக் கேட்டேன். தறிக்காரர் யாராவது உளறியிருப்பார் என்றார். அதையே பாவாவிடம் சொன்னேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

நான் சொன்னது எனக்கே உறுத்தியது. மறுநாள் பாவாவிடம் சொல்லிவிட்டு, அவர் பெயரில் மயில் பார்டர் போட்ட லுங்கி என்று ஒரு சரக்கை அடித்தேன். அப்படி ஒன்றை யாரும் நெய்வதில்லை. பாவாவைத் தவிர ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மொத்த வியாபாரியின் ஆள் பாவா வீட்டுக்கு வந்து, மயில் லுங்கியில் ஒரு சாம்பிள் காட்டச் சொன்னான். பாவா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

நான் போய் இதைச் சொன்னபோது முனிகிருஷ்ணன் மானிட்டரைப் பார்த்தபடியே பேசினார். "சர்வர் அந்த மொத்த வியாபாரி வாங்கிக் குடுத்ததுங்க சார். வீட்டுக்காரர் சாவி கேட்டா என்ன பண்றது? உங்க பக்கத்துல நான் ஒரு எழுத்துகூடத் தொடலையே."

சர்வர் யாருடையது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்தை அன்றே எடுத்தேன். தறிக்காரர்கள் அவரைத் திட்டவில்லை. அவர்கள் நம்பி வந்தது என் முகத்தை. விலை கட்டுப்படியாகாமல் பாவா இன்றைக்கு அந்த வியாபாரிக்கே கூலிக்கு நெய்கிறார்.

முனிகிருஷ்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஓட்டல் விளக்கம். செய்திக்காக எந்த அலுவலகத்தில் பதில் வாங்கினாலும், உள்ளே இருந்து சொன்னது யார் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம், வீட்டிலேயே. பாவாவை அழைத்து வரும்படி தம்பி கேட்டுக்கொண்டார். பாவாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமலே பாவா சொன்னார்.

"கேட்டுட்ட இல்ல. முந்தின நாள் சொல்றேன்."

வருவாரா என்பதற்குப் பதில் இன்னும் வரவில்லை. காரியத்துக்கு முந்தின நாள் எதிர்பார்க்கிறேன்.