கனகலட்சுமிக்கு எட்டாத அடுப்பு

வில்லாபுரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த சூரியபிரகாஷ் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஆறடி உயரம், முறுக்கு மீசை. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி கனகலட்சுமி அவர் தோளுக்கும் கீழேதான் நிற்பார். கல்யாணமானதிலிருந்து வீட்டில் சமைப்பது சூரியபிரகாஷ். இது வெளியே யாருக்கும் தெரியாது.

சமையலறைக்கு அளவெடுக்க வந்த மேஸ்திரி நல்லகாமன், "மேடை எல் மாடலா, யு மாடலா தங்கச்சி?" என்று கேட்டார்.

கனகலட்சுமி கணவரைப் பார்த்தார். அவர் காதைச் சொறிந்தார். வழியிலேயே பேசிவைத்த சைகை அது.

"எல்லுண்ணே."

மேஸ்திரி கனகலட்சுமியின் முழங்கையைப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே சுவரில் கோடு போட்டார். சூரியபிரகாஷுக்கு இப்போதே இடுப்பு வலித்தது. செருமினார்.

"இன்னும் அரையடி ஒசத்துங்கண்ணே" என்றார் கனகலட்சுமி.

"அம்புட்டு ஒசரமா? ஒங்களுக்குக் கை எட்டாதே!"

"எட்டும்ணே, போடுங்க."

தலையில் அடித்துக்கொண்டே மேஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

பால் காய்ச்சும் நாளில் சொந்தபந்தமெல்லாம் சமையலறையில் கூடியது. பட்டுச்சேலையில் வந்து அடுப்பைப் பற்றவைத்த கனகலட்சுமி, குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். பானைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் பால் பொங்கி வழிந்தது. பின்னால் நின்ற சூரியபிரகாஷ் தன்னை மறந்து, தோள் துண்டால் பானையைப் பிடித்து இறக்கினார். ஒரே வீச்சில் மேடையையும் துடைத்தார்.

மாமியார் அழகம்மாள் மேடையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"மாப்ள, மத்தியானத்துக்கு என்ன கொழம்பு?"

"மொச்சையும் கத்திரிக்காயும் அத்தே" என்றார் அவர், மீசையைத் தடவியபடி.