ஏழு வருடக் கருவாடு

மழைக்காலத்தில் ஒரு நாள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரிசைச் செடிகளில் பறிக்கும் பக்கத்து நிரைக்காரி என் காலைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஒத்தச் செருப்பு எங்கக்கா? யாருக்காவது தானம் பண்ணிட்டீங்களா?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு பத்துப் பதினைந்து செடிகளுக்குக் கீழே சேற்றில் புதைந்து கிடந்தது. கல்லும் கவ்வாத்து வெட்டிய குச்சியும் நிறைந்த சரிவு அது. உள்ளங்காலில் கிழித்து ரத்தம் வந்திருந்தது. வலிக்கவே இல்லை.

அதற்கு முன்பே சில மாதங்களாக இரண்டு பாதமும் மரத்துப்போயிருந்தது. எங்கள் வட்டகொடைப் பக்கத்து மலைக் குளிருக்கு எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நாக்கு சிவந்து எரிந்தது, ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ரத்தம் குறைவு என்று ஃபோலிக் அமில மாத்திரை தந்தார்கள். மூச்சு வாங்குவது நின்றது, முகத்திலும் தெளிவு வந்தது. கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது.

செருப்பு விஷயம் கங்காணி காதுக்கும் போனது. "காலு சரியாகிறவரைக்கும் மலைக்கு வராதீங்க. தண்ணி ஓடுற காணுல விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது கொழுந்து எடுப்பது ஒன்றுதான்.

பக்கத்து நிரைக்காரி என்னை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கல்யாணத்துக்கு முன்பு கொழும்பில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கும் சிங்களம் புரியும். ஆனால் புது ஆட்களிடம் எந்தப் பாஷையிலும் எனக்குப் பேச்சு வராது.

டொக்டர் இளம் வயதுப் பெண். கண்ணை மூடி, கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். மூடினேன். தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் மேலேயே சாய்ந்துவிட்டேன். பிறகு கட்டிலில் படுக்கவைத்து, பெருவிரலைப் பிடித்து மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்டார். நான் சொன்னதில் பாதி தப்பு.

"மீன், முட்டை, இறைச்சி சாப்பிடுவீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தலையை ஆட்டினேன். "சாப்பிடுவேன்."

அது பொய். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது, அவள் பிழைத்தால் சாகிறவரைக்கும் கவிச்சி தொடுவதில்லை என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டாள். அப்படி வேண்டியதை வாய்விட்டுச் சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் கணவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மீன் சமைப்பேன், கருவாடு பொரிப்பேன். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று என் பகல் சாப்பாட்டிலும் ஒரு துண்டு கருவாடு வைத்துக்கொண்டு மலைக்குப் போவேன். அங்கே அதைப் பக்கத்து நிரைக்காரிக்குக் கொடுத்துவிடுவேன். பால்மா விலை ஏறிய பிறகு வீட்டில் வெறும் தேத்தண்ணிதான். பாலும் இல்லாமல் போனது.

டொக்டர் யோசித்தபடி எழுதத் தொடங்கினார். அப்போது பக்கத்து நிரைக்காரி குறுக்கே விழுந்தாள்.

"பொய் சொல்றாங்க, டொக்டர். ஏழு வருஷமா இவங்க கருவாட்ட நான்தான் திங்கிறேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். எனக்குக் குறைந்திருந்தது விட்டமின் பி12. அதை எந்தச் செடியும் செய்வதில்லையாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் செய்கின்றன. அது ஆடு, மாடு, மீன் உடம்பில் சேர்ந்து இறைச்சி, முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான இருப்பு இருக்கும். அது தீருகிறவரை ஒன்றும் தெரியாது. புது ரத்த அணுக்கள் உருவாக பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் வேண்டும். ஃபோலிக் மாத்திரை நிறையப் போட்டால் ரத்தத்தின் வேலை எப்படியோ ஓடிவிடும். நரம்புக்கு அது உதவாது. கரண்ட் வயரின் மேல் ரப்பர் இருப்பது போல நரம்பின் மேலும் ஓர் உறை உண்டு. பி12 இல்லாவிட்டால் அது சிதைந்துபோகும். என் முகத்துக்குத் தெளிவு வந்துகொண்டிருந்த நாட்களில் காலுக்குள் அதுதான் நடந்திருக்கிறது.

"மீன் சாப்பிட ஆரம்பிங்க. இப்போதைக்கு ஊசி போடுறேன்" என்றார்.

அன்றைக்கு நானாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதையும் பக்கத்து நிரைக்காரியின் காதில்தான் கேட்டேன். அவள் உரக்கச் சொன்னாள்: "ஊசி மருந்து ஆடு மாட்டுல இருந்து எடுக்கிறதான்னு கேக்கிறாங்க."

டொக்டர் சிரிக்கவில்லை. கிருமிகளைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள் என்று சொன்னார். மீன் வேண்டாமென்றால் ஊசியை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார். சரி என்றேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வந்தது. "வெளிய வந்திருச்சே புள்ள. மகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நேத்திக்கடன்தானக்கா? நான் எப்பவோ கண்டுபிடிச்சிட்டேன். கருவாடு நின்னுருமேன்னுதான் வாயத் தொறக்கல" என்றாள். "டொக்டர்கிட்ட நீங்களா சொன்னீங்க? நான்தான சொன்னேன். சாமி கேட்டா என்னையக் கேக்கட்டும். கருவாடு தின்ன வாய், பதில் சொல்லாதா?"

முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று, இப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. கணவருக்கு நானே சொன்னேன். "அப்ப பொரிச்சதெல்லாம் யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மறுபடி வேலை கேட்டு நின்றபோது இடது கணுக்கால் அரித்தது. முதல் நாள் அட்டை கடித்த இடம். அந்தக் காலில் ஏதோ ஒன்றை உணர்ந்து வெகு நாளாகியிருந்தது. குனிந்து சொறிந்துகொண்டே இருந்தேன். டொக்டர் செய்த சோதனையைப் பக்கத்து நிரைக்காரி கங்காணியிடம் சொல்லியிருந்தாள்; அவர் பார்த்துவிட்டு, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றேன். விழவில்லை. அன்றைக்குச் சமதரையில் வேலைக்குப் பேர் போட்டார், அடுத்த மாதம் பழைய சரிவுக்கு அனுப்பினார்.

வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி இல்லை. தாமதமாக வந்ததால் அது இனித் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். செருப்பை ஒரு நாடாவால் கணுக்காலோடு கட்டிக்கொள்கிறேன். கருவாட்டுத் துண்டு இப்போதும் மலைக்கு வருகிறது. பக்கத்து நிரைக்காரி கேட்காமலே கை நீட்டுகிறாள்.