ஒலிபெருக்கி காட்டிக்கொடுத்த மடு

அந்தக் கோடையில் சரவணம்பட்டியில் எங்கள் குடியிருப்பு வாசலுக்குத் தண்ணீர் லாரி வந்தாலே கைகலப்புதான். கீழே பிளாஸ்டிக் குடம் யாரோ ஒருவர் மண்டையில் மோதும் சத்தம் கேட்கும். மேலே நான் போனைக் காதில் அழுத்தி ஆற்றைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பவானி ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு அது. புழு கோக்க மாட்டார்கள். சேவல் இறகை நூலால் சுற்றிப் பூச்சிபோலக் கட்டி வீசுவார்கள், பிடித்த மீனை ஆற்றிலேயே விடுவார்கள். காலையில் யாராவது குரலில் நிலவரம் அனுப்புவார்கள்: தண்ணீரின் நிறம், ஓட்டம், மீன் கடித்ததா என்று. இடத்தை மட்டும் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. நான் கரைக்குப் போவதே அபூர்வம். ஆனாலும் அந்தக் குரல்கள் இல்லாமல் எனக்கு விடியாது. மழை பொய்க்கப் பொய்க்க நிலவரம் தேய்ந்து ஒற்றைச் சொல்லானது. "இல்லீங்க." மறுநாளும், "இல்லீங்க." வெயில் ஆற்றின் கழுத்தை மிதித்துக்கொண்டு நின்றது. பாறைகள் விலா எலும்பாகத் துருத்தின.

போத்தனூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் மட்டும் அடங்கவில்லை. சண்டையில் செத்த சேவல்களின் கழுத்து இறகில்தான் தூண்டில் கட்டுவார். "அதுக்கு இன்னும் கோவம் தீரலீங்க, அதான் மீனு கடிக்குது" என்பார். மேலுதட்டில் வடு விழுந்த கிழட்டுக் கெண்டை ஒன்றைப் பல வருடங்களாகப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். வற்றும் ஆற்றில் அது உயிரோடு இருக்கிறதா என்பதைத் தவிர அந்தக் கோடையில் அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு மாலை அவர் குரல் மூச்சிரைக்க வந்தது. "ஏனுங்க, இருக்குதுங்க! கெழவி இருக்குறாங்க! மடுவுல ஆள் முங்கற தண்ணி. ஒதட்டுல அதே வடு. விட்டுப்போட்டேனுங்க!"

இடத்தை அவர் சொல்லவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழா ஒலிபெருக்கி ஊர்ப்பெயரை முழங்கிப் பொதுமக்களைப் பூ மிதிக்கு அழைத்துக்கொண்டிருந்தது.

உடனே அழைத்தேன். "அழிச்சுப்போடுங்க. பின்னாடி ஊர்ப்பேரு கேக்குது."

"அட, நம்ம ஆளுங்கதானுங்க" என்று சிரித்தார். அழித்தார். அதற்குள் குழுவே கேட்டுவிட்டிருந்தது.

எனக்கு மனசு ஆறவில்லை. விடிந்ததும் அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கரை இறங்குமுன் காற்று முகத்தில் அறைந்தது. கிணறு வெட்டும்போது பாறையைப் பிளக்க வைக்கிற வெடித் தோட்டா. தோட்டங்காட்டில் வளர்ந்த காதுக்கு அந்தச் சத்தம் தப்பாது. மடு எழுந்து நின்று, உடைந்து விழுந்தது. வெள்ளை வயிறுகள் மிதந்தன. செவுள்களிலிருந்து ரத்தம் நூல் நூலாகப் பிரிந்தது.

சாக்குப்பையோடு இருவர் தண்ணீரில் இறங்கினார்கள். ஒருவன் எங்கள் குழுக்காரன். நண்பர் பாய்ந்து தூண்டில் கோலால் அவன் முதுகில் விளாசினார். கோல் ஒடிந்தது. ஒடிந்த முனையை ஓங்கினார்.

"அடிக்காதீங்ணா! மீனு இருக்குதுன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க!"

"உங்களக் கொன்னுபோடுவேனுங்க!"

கொலை மிரட்டலிலும் அந்த மரியாதை. எனக்குச் சிரிப்பு வந்து தொண்டையிலேயே செத்தது. மற்றவன் கல்லெடுத்து நண்பரின் வாயில் அடித்தான். உதடு பிளந்தது. நான் அவன்மேல் விழுந்தேன். அவன் கால்கள் தண்ணீரை உதைத்தன. அவன் தலையை அழுத்திக்கொண்டிருப்பது என் கைகள்தான் என்பது சற்றுப் பிந்தியே உறைத்தது. விட்டேன். இருமிக்கொண்டே கரையேறினான். சாக்கைப் போட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள்.

அப்புறம்தான் கெழவி மேலே வந்தாள், பக்கவாட்டில். செவுள் ஒருமுறை திறந்தது. நண்பர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பிடித்த மீனை விடும்போது செய்கிற மாதிரியே, இரு கையிலும் ஏந்தி முன்னும் பின்னும் ஆட்டினார். மூச்சைக் கொடுக்க ஆற்றில் ஓட்டம் இல்லை. அவர் கைகள்தான் ஓட்டம். அவர் வாயிலிருந்து ரத்தம் அவள் செதிலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"போங்க அம்மணி. போங்க."

வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஆட்டினார். கையெடுத்ததும் அவள் மல்லாந்தாள்.

மறுநாள் காலை நிலவரம் வந்தது. தையல் போட்ட உதட்டின் குரல். "தண்ணி கலங்கலுங்க. ஓட்டம் இல்லீங்க. மீனு இல்லீங்க."

பிறகு, யாரும் கேட்காமலே, ஊரின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். எந்தப் பாறைக்குக் கீழே, எந்த மரத்துக்கு நேரே என்பதையும் சொன்னார்.