மாடியில் ஒரு பேனல், கடலில் ஒரு பேனல்

வைகையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. இந்த ஊரில் பிறந்த என் மகளுக்குக் கடலில்தான் வேலை அமைந்தது. தூத்துக்குடிப் பக்கம், மிதவை மேல் கட்டிய சோலார் பேனல் உப்புக்காற்றுக்கும் அலைக்கும் தாங்குகிறதா என்று படகில் போய்ப் பார்க்கிற சோதனை. அவளுக்கு நீச்சல் தெரியாது. “லைஃப் ஜாக்கெட் இருக்கும்மா” என்பாள். ஒரு சட்டையை நம்பிப் பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப முடியுமா?

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே மாதிரிப் பேனல் ஒன்றை விளாங்குடியில் எங்கள் மொட்டை மாடியிலும் வைத்தாள். இது புது வகையாம். மேலே விழுகிற வெயிலோடு, தரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தையும் அடிப்பக்கத்தால் வாங்கிக்கொள்ளுமாம். அதற்காகத் தரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டு, “இங்கன மிளகா கிளகா காயப்போட்டுராதம்மா” என்று எனக்கே உத்தரவு போட்டாள்.

என் போனிலும் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். மஞ்சள் கோடு எங்கள் மாடி, நீலக் கோடு கடல். எதில் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று காட்டும். கரண்டா எனக்கு முக்கியம்? நீலக் கோடு ஓடினால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். குழம்பைத் தாளித்துவிட்டுப் போனைப் பார்க்கிறேன், நீலக் கோடு அடியில் படுத்துக் கிடக்கிறது. “காத்து கொஞ்சம் சாஸ்தியாத்தான் இருக்கு, போயிட்டு வாரேன்” என்று காலையில் நான் கூப்பிட்டபோது சொல்லிவிட்டுப் போனவள். கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

“வேலையா இருப்பா. நீயா எதையாச்சும் நெனைக்காத” என்றார் வீட்டுக்காரர்.

“நீங்க சும்மா இருங்க!” என்று கத்தினேன். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. மாடிப் பேனல் மேல் காக்கா எச்சமிட்டால்கூட இவளிடமிருந்து போன் வந்துவிடும். கரண்ட் நின்றால் அவள் போனில் அலாரம் அடிக்குமாம். நான் ஒரு பேனலாகப் பிறந்திருந்தால் தினமும் பேசியிருப்பாள்!

ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பேனலை மூடி, மூலைகளைக் கொடிக்கயிற்றால் கட்டினேன். மஞ்சள் கோடு இறங்கியது, ஆனால் முழுசாக விழவில்லை. பாவி மகளே, அடிப்பக்கமும் வேலை செய்யும் என்றாயே! மூலையில் கிடந்த தார்ப்பாயை இழுத்து வெள்ளைத் தரையில் விரித்தேன். பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் மறுமுனையைப் பிடித்தார். கோடு படுத்துவிட்டது.

சுள்ளென்ற வெயிலில் நின்றோம். போன் அடித்தது.

“அம்மா! மாடிப் பேனலுக்கு என்னாச்சு? ஒடஞ்சிருச்சா?”

தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்து அழுதேன். “நீ எங்கடி இருக்க?”

“கரையிலதாம்மா. காத்து சாஸ்தின்னு பேனலக் கழட்டிக் கொண்டாந்துட்டோம். போன் சைலன்ட்ல கெடந்துச்சு, பேனல் அலாரம் மட்டும் அதுலயும் அடிக்கும், அது அடிக்கவுந்தான் எடுத்தேன். அங்க பேனலு?”

“அதுக்கு ஒண்ணுமில்ல. ஜமுக்காளம் போத்தியிருக்கேன்.”

“எதுக்கும்மா?”

“அதுக்காகவாச்சும் நீ பேசுவியேன்னுதான்.”

“ஏம்மா, இம்புட்டா பயந்துட்ட?” என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

அடுத்த தடவை கடலுக்குப் போகும் முன் அவளே கூப்பிட்டாள். “போயிட்டு வாரேம்மா. கரை ஏறுனதும் மொத போன் ஒனக்குத்தான். அந்த ஜமுக்காளத்த மட்டும் மாடிக்குக் கொண்டு போயிராத, தாயே.”

“அது ஒங்கையிலதான் இருக்கு” என்றேன்.

ஜமுக்காளத்தை மடித்து மாடிப்படி ஓரத்திலேயே வைத்திருக்கிறேன்.