குடோனை வீடாக்க நாமக்கல்லுக்கு ஒரு பேருந்துப் பயணம்

தை மாதம் மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பிப் பள்ளிபாளையம் போனேன். மறுநாள் அங்கிருந்து நாமக்கல் போய், மறுபடி பள்ளிபாளையம் வந்து, வெள்ளிக்கிழமை வீடு திரும்பினேன். மொத்தம் 230 கிலோமீட்டர். அருவி இல்லை, மலை இல்லை. நில உபயோக மாற்றத்துக்கு மனு போட்டிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படலாம். மற்றவர்கள் என் அக்காவுக்காகப் படிக்கலாம்.

அக்கா கோமதிக்கு நாற்பத்தொன்பது வயதில்தான் கல்யாணம் நடந்தது. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் அவள் வயது போயிருந்தது. அவளைக் கட்டிக்கொண்ட மாமா முதல் மனைவியை இழந்தவர். முப்பது வருடம் ரிக் வண்டியோடு ராஜஸ்தான், ஒரிசா என்று போர்வெல் போட்டுக்கொண்டு லாரி கேபினில் தூங்கியவர். முதுகு கெட்டுப்போய்த் தொழிலை விட்டபோது, கையில் இருந்ததை வைத்துப் பள்ளிபாளையத்தில் காவிரிக்கரைப் பக்கம் ஒரு பழைய நூல் குடோனை வாங்கினார். வாடகைக்கு விடலாம் என்பது திட்டம். ஆனால் கல்யாணமாகி ஒரு மாதத்தில், "இந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்துறலாமுங்க கோமதி" என்றாராம். இருவரும் அங்கேயே குடிபோய்விட்டார்கள். அதாகி மூன்று வருடம்.

ஆவணத்தில் அது வணிக உபயோகம். குடியிருப்பாக மாறினால்தான் வீடு கட்ட அனுமதி கிடைக்கும். மனு போட்டு, பத்திரிகையில் அறிவிப்பு வந்து, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஓர் ஆட்சேபனைக் கடிதம் வந்துவிட்டது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இரு தரப்பையும் நாமக்கல் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாமாவால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார முடியாது. "நீ கூட வா சாமி, எனக்கு ஆபீசுன்னா வாய் வராது" என்று அக்கா போன் செய்தாள்.

புதன் காலை 6.10க்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஈரோடு வண்டி. சங்ககிரி வழி, அறுபது கிலோமீட்டர், 48 ரூபாய். 7.50க்குப் பள்ளிபாளையத்தில் இறங்கினேன். ஆற்றோரம் போக ஆட்டோ அறுபது ரூபாய். (நடந்தால் இருபது நிமிடம். பை இல்லாவிட்டால் நடந்துவிடுங்கள்.)

குடோனின் வாசல் ஒரு இரும்பு ஷட்டர். மாமா குனிய முடியாததால் அக்காதான் காலையில் அதைத் தூக்குகிறாள், ராத்திரி இறக்குகிறாள். உள்ளே ஒரே பெரிய கூடம், மேலே சிமெண்ட் ஷீட். இரண்டு தூண்களுக்கு நடுவில் கட்டில், ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, குளியலறை வெளியே. சேலைகளை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு அறை மாதிரி மறைத்திருந்தாள். பின்பக்கக் கதவைத் திறந்ததும் ஆறு.

மாமா ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். இரண்டு அறை, ஒரு சமையலறை. ஆற்றுப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்த சமையலறை. "உங்கக்கா நின்னு சமைக்கறப்ப ஆறு தெரியோணும் கண்ணு. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்." படுக்கையறை எதிர்ப்பக்கம், பக்கத்து இடத்தை ஒட்டி இருந்தது.

அந்தப் பக்கத்து இடத்தில்தான் பாவாயியின் மீன் வறுவல் கடை. ஆட்சேபனை கொடுத்தவரும் அவர்தான். அறுபது வயதிருக்கும். தனியாக நடத்துகிறார். மூன்று வருடமாக அக்காவிடம் தினமும் ஒரு வார்த்தையாவது பேசுகிறவர், கடிதம் போனதிலிருந்து இருபது நாளாக இந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. மத்தியானம் வறுவல் வாசம் எங்கள் சாப்பாடு வரை வந்தது. போய் ஒரு தட்டு வாங்கி வரவா என்று கேட்டேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். "அவங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு அழுகை வந்துரும்."

வியாழன் காலை 7.25க்கு ஈரோட்டிலிருந்து வரும் நாமக்கல் வண்டி. திருச்செங்கோடு வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு 45 ரூபாய். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான், அதை நம்பிக் காசில்லாமல் ஏறாதீர்கள். நானும் அக்காவும் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தோம், ஜன்னலோரம் காலியாக இருந்தது. வண்டி நகரும்போது பாவாயி ஓடிவந்து ஏறினார். எங்களைப் பார்த்ததும் நேராகப் பின்னால் போய்ச் சக்கரத்தின் மேலுள்ள இருக்கையில் உட்கார்ந்தார்.

ஊரைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். பயணம் ஒத்துக்கொள்ளாதவர் போல. அக்கா எழுந்து பின்னால் போனாள்.

"ஏனுங்க பாவாயி, முன்னால வந்து உக்காருங்க. இங்க தூக்கித் தூக்கிப் போடும். ஜன்னலு சும்மாதான் கெடக்குது."

"உங்களுக்கு எதிரா எழுதிக் குடுத்துப்போட்டு, உங்க பக்கத்துலயே எப்படீங்க உக்காறது?"

"எழுதுனது காயிதத்துலதானுங்க. எந்திரிங்க."

ஜன்னலோரம் பாவாயி, நடுவில் அக்கா, இந்த ஓரத்தில் நான். என் பையிலிருந்த எலுமிச்சம் பழத்தைக் கொடுத்தேன். முகர்ந்துகொண்டே வந்தார். திருச்செங்கோட்டில் வண்டி பத்து நிமிடம் நின்றது. கோட்டமலைக் கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவராகவே பேச ஆரம்பித்தார்.

"உங்க எடம் ஊடுன்னு ஆயிருச்சுன்னா, எம்பட கடையையும் எடுக்கச் சொல்லிருவாங்களாமே? பொகை, நாத்தம்னு ஊட்டுக்காரங்க பெட்டிசன் போடுவாங்களாம். எனக்கு அந்த அடுப்ப உட்டா வேற என்ன இருக்குது?"

"யாருங்க சொன்னது?" என்றாள் அக்கா.

உங்கள் இடத்தை விலைக்குக் கேட்டு நாலைந்து முறை வந்தாரே, அந்தப் புரோக்கர்தான் என்றார். கடிதத்தை எழுதியதும் அவரே. பாவாயி கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். அந்த ஆள் அங்கே ஓட்டல் கட்ட இடம் பார்த்தவர் என்று அக்கா சொன்னதும், பாவாயி கொஞ்ச நேரம் எலுமிச்சையையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஓட்டல் வந்தா எங்கிட்ட எவன் வருவான்?" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

9.15க்கு நாமக்கல். ஆட்டோ 120 ரூபாய், மூன்று பேரும் ஒன்றாகவே போனோம். அலுவலகத்தில் எங்கள் முறை வர 11.40 ஆயிற்று. அதிகாரி ஒரு பெண்மணி. புல வரைபடத்தை விரித்து, அக்காவின் இடத்தையும் பாவாயியின் இடத்தையும் பென்சிலால் தனித்தனியாக வட்டமிட்டுக் காட்டினார். உட்பிரிவு எண் வேறு வேறு. மாறப்போவது அக்காவின் எண் மட்டும். கடைக்கு இதனால் எதுவும் ஆகாது.

பாவாயி விடவில்லை. "நாளைக்கு இவங்களே பொகைன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா?"

"அதை நான் இன்னைக்கே சொல்ல முடியாதும்மா" என்றார் அதிகாரி, நேர்மையாக.

ஆபீசென்றால் வாய் வராது என்று சொன்ன என் அக்கா, கட்டைப் பையிலிருந்து மாமாவின் வரைபடத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "இது எங்க ஊட்டு பிளானுங்க. படுக்கற ரூமு இவங்க கடைப் பக்கம் இருக்குது. அத ஆத்துப் பக்கம் மாத்திக்கறோம். சமையக்கட்ட இவங்க பக்கம் வெச்சுக்கறோம். எங்க பொகையும் அவங்க பொகையும் ஒண்ணாப் போகட்டும். ரெண்டு அடுப்புக்குள்ள என்னங்க சண்டை?"

அக்கா விட்டுக்கொடுத்தது எந்த ஜன்னலை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். பாவாயி ஆட்சேபனையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். இந்தமுறை கடிதத்தை நான் எழுதி, இரண்டு தரம் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வண்டியிலும் ஜன்னலோரம் அவருக்குத்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமா ஷட்டருக்கு வெளியே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். வரைபடத்தை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு தெரியோணும்னு ஆசப்பட்டீங்களே கோமதி."

"நீங்க படுத்துக்கிட்டே பாருங்க. பாத்துப்போட்டு எனக்குச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

மாமா பென்சிலை எடுத்தார். சமையலறையை இந்தப் பக்கம் வரைந்தார். பிறகு படுக்கையறைச் சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளி, ஆற்றைப் பார்த்தபடி இரண்டு பேர் உட்கார ஒரு மேடை போட்டார். அக்கா காபி வைக்கப் போனாள். ஏழு மணிக்குப் பாவாயி வாழையிலையில் மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார்.

நீங்களும் இப்படி அலையப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். முதலில் உங்கள் உட்பிரிவு எண்ணைப் புல வரைபடத்தில் சரிபாருங்கள். பக்கத்து இடத்துக்காரருக்கும் அதை நீங்களே காட்டிவிடுங்கள், வேறு யாராவது போய்க் காட்டும் முன். ஆற்றோரம் என்றால் நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று தனியாக வேண்டும், அதற்கே அக்காவுக்கு நான்கு மாதம் ஆயிற்று. எல்லாவற்றிலும் மூன்று நகல். அலுவலகத்தில் தண்ணீர் இருக்கிறது, சாப்பாட்டுக்கு வெளியே வரவேண்டும். காலை வண்டியில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் கூட்டம் அதிகம். பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, கூட ஒருவரை அழைத்துப் போங்கள். பேசுவதற்காக அல்ல, பக்கத்தில் உட்காருவதற்கு.

ஆணை வர ஆவணி ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த முதல் போன் மாமாவுடையதுதான். கடிதத்தை எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்துக் காட்டினார். "குடியிருப்பு" என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை வாசித்தார். பின்னால் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"கண்ணு, நாங்க இங்கதான் குடியிருக்கறமுன்னு இன்னைக்கு கவர்மெண்டே சொல்லிப்போட்டுதுங்க" என்றார்.